ஐந்து தெய்வங்களின் வீடு

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் கெல்லி பூங்காவை ஒட்டி ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. நீண்ட காலம் அதற்கு முனிசிபல் ஸ்டேடியம் என்று பெயர். ரசிகர்கள் உட்கார்ந்து கைதட்டும் படி வரிசைகளுக்குக் கீழே, பொருள்கள் போட்டுவைக்கும் இடத்தில், ஒரு கோயிலின் பூசைமாடம் பல வருடங்கள் கிடந்தது. சீனாவின் கான்டன் பகுதியில் மரத்தில் செதுக்கி, தங்கரேக்கு ஒட்டி, பசிபிக் கடலைத் தாண்டிக் கொண்டுவந்த மாடம். 1888இல் அதை வைத்துக் கும்பிடத் தொடங்கியவர்கள் சான் ஹோசேயின் சீனக் குடியேறிகள். 1949இல் நகராட்சி அந்தக் கோயிலை இடித்துவிட்டது. மாடம் மட்டும் தப்பியது.

கோயிலின் பெயர் இங் ஷிங் கூங். ஐந்து தெய்வங்களின் வீடு. கருணைத் தாயான குவான் யின், கடலோடிகளைக் காக்கும் தியென் ஹௌ, செல்வம் தரும் சாய் ஷென், நகரத்தின் காவல் தெய்வம் செங் ஹுவாங், வீரத்துக்கும் சொன்ன சொல் தவறாமைக்கும் உரிய குவான் கூங். இன்று அந்த மாடம் மறுபடி வெளிச்சத்தில் நிற்கிறது. கெல்லி பூங்காவுக்குள் ஹிஸ்டரி பார்க் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், பழைய கோயிலைப் போலவே 1991இல் எழுப்பிய செங்கல் கட்டடத்தின் மாடியில் அது இருக்கிறது. கீழ்த்தளத்தில் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கில் வாழ்ந்த சீனர்களின் கதையைச் சொல்லும் காட்சிக்கூடம். இதையெல்லாம் முன்னின்று செய்தது 1987இல் தொடங்கிய ஒரு தன்னார்வலர் சங்கம். சைனீஸ் ஹிஸ்டாரிகல் அண்ட் கல்ச்சுரல் ப்ராஜெக்ட் என்பது அதன் பெயர்.

நான் பாளையங்கோட்டைக்காரி. இந்த ஊருக்கு வந்து ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. வார நாள்களில் அலுவலகம், வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் பாடம். பெரிய வகுப்புப் பிள்ளைகளை வருடத்தில் ஒரு நாள் இந்த மாடிக்கு அழைத்துப்போவேன். “தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீனக் கோயில்ல என்ன டீச்சர் பாடம்?” என்று சில பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

சான் ஹோசேயில் சைனா டவுன் என்று ஒன்று இருந்ததா என்று இங்கே பணிபுரியும் நம்மவர்களைக் கேட்டால், சான் பிரான்சிஸ்கோவைக் கைகாட்டுவார்கள். உண்மையில் இந்த ஊரில் அடுத்தடுத்து ஐந்து சைனா டவுன்கள் இருந்தன. முதலாவது 1860களில் மார்க்கெட் தெருவில் உருவானது. அது அழிந்து, வைன் தெருவுக்குப் போனார்கள். அங்கே நிலைக்க முடியாமல் 1872 வாக்கில் மார்க்கெட் தெருவுக்கே திரும்பினார்கள். சான் பெர்னாண்டோ தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் அந்த மூன்றாவது குடியிருப்புதான் பெரியது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். கடைகள், உணவகங்கள், கோயில், நாடகக் கொட்டகை எல்லாம் இருந்தன. சுற்றியுள்ள பழத்தோட்டங்களிலும் ஸ்ட்ராபெரி வயல்களிலும் கம்பளி ஆலையிலும் வேலை செய்த ஆயிரக்கணக்கானோருக்கு அதுதான் சந்தை, அஞ்சல் நிலையம், வங்கி, வாரத்தில் ஒரு நாள் சொந்த மொழி கேட்கும் இடம்.

அவர்கள் பெரும்பாலும் சீனாவின் தென்கோடியில் கான்டனைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கலகம், பஞ்சம், கடன் என்று ஊர் துரத்த, 1849இன் தங்க வேட்டை இழுக்க, கப்பலேறினார்கள். 1869இல் முடிந்த கண்டம் கடக்கும் ரயில் பாதையில் மேற்குப் பகுதியை இட்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் சீனர்கள். சாண்டா குரூஸ் மலையைக் குடைந்து ரயில் விட்டதும் அவர்கள்தான். சுரங்கத்தில் வாயு வெடித்துப் பலர் அங்கேயே இறந்தார்கள். இதே காலத்தில்தான் நம் தஞ்சை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆள்கட்டிகளும் கங்காணிகளும் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயாவுக்கும் நேட்டால் கரும்புக் காட்டுக்கும் போனார்கள். பசியும் கப்பலும் இரண்டு பேருக்கும் பொது.

வேலை இருந்தவரை சீனர்கள் வேண்டியிருந்தார்கள். 1870களில் பொருளாதாரம் சரிந்ததும், கூலியைக் குறைப்பவர்கள் என்று பழி அவர்கள் தலையில் விழுந்தது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் நுழையவே கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது. 1886 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சீன எதிர்ப்பாளர்கள் மாநாடு கூட்டியது சான் ஹோசேயில்தான். அப்போது நகரம் தனக்கென்று ஒரு பெரிய நகர்மன்றக் கட்டடம் கட்டத் திட்டமிட்டிருந்தது. தேர்ந்தெடுத்த இடமோ மார்க்கெட் சதுக்கம், சைனா டவுனுக்கு நேர் எதிரே. 1887 தொடக்கத்தில் நகர மன்றம் சைனா டவுனைப் பொதுத் தொல்லை என்று அறிவித்தது. அந்த அறிவிப்பின் மை காய்வதற்குள், மே 4ஆம் தேதி தீ வைத்தார்கள். பட்டப்பகலில் குடியிருப்பு முழுவதும் எரிந்தது. சைனா டவுன் செத்தது, இனி எழாது என்கிற பொருளில் உள்ளூர்ப் பத்திரிகை மகிழ்ந்து எழுதியது.

பத்திரிகை சொன்னது நடக்கவில்லை. அதற்குக் காரணம் ஜான் ஹைன்லென் என்ற ஜெர்மானியக் குடியேறி. விவசாயமும் நிலவியாபாரமும் செய்து வசதியாக இருந்தவர். ஊரின் வடக்கே, ஆறாம் தெருவுக்கும் டெய்லர் தெருவுக்கும் அருகே தன் நிலத்தைச் சீன வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட ஒப்பந்தம் போட்டார். கண்டனக் கூட்டம் நடந்தது, பத்திரிகைகள் வசைபாடின, மிரட்டல் வந்தது. அவர் அசையவில்லை. நகர்மன்றக் கட்டடத்தை வரைந்த தியோடர் லென்சன் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரையே அமர்த்தி, தீ எளிதில் பிடிக்காதபடி செங்கல்லால் கடைகளும் வீடுகளும் கட்ட வைத்தார். சுற்றிலும் உயரமான வேலி போட்டார். அதன் மேல் முள்கம்பி. வெறுப்பு உள்ளே வராமலிருக்க அந்தக் காலத்தில் அது தேவைப்பட்டது. வெளியார் ஏளனமாகச் சொன்ன ஹைன்லென்வில் என்ற பெயர் நிலைத்துவிட்டது. தீயில் வீடிழந்தவர்களில் மற்றொரு பிரிவினர் கம்பளி ஆலை அருகே ஐந்தாவது சைனா டவுனை அமைத்தார்கள். அது 1902இல் தீக்கு இரையானது. ஹைன்லென்வில் மட்டும் 44 வருடங்கள் நின்றது.

வந்து குடியேறிய மறு வருடமே அவர்கள் கட்டியது இங் ஷிங் கூங். இரண்டு மாடி. மேலே தெய்வங்கள். கீழே ஊர்ப் பொதுக்கூடம். வழிப்போக்கர் தங்கவும், பஞ்சாயத்துப் பேசவும், வெள்ளைக்காரப் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து சீன எழுத்துப் படிக்கவும் அந்தக் கூடம்தான். நான் வகுப்புப் பிள்ளைகளிடம் முதலில் காட்டுவது இதைத்தான். நூறு வருடத்துக்கு முன்னால் உங்களைப் போலவே ஒரு கூட்டம் பிள்ளைகள், மற்ற பிள்ளைகள் விளையாடப் போன நேரத்தில், தாய்மொழி எழுதப் பழகினார்கள் என்று சொல்லும்போது அவர்கள் முகம் மாறும். சில வருடங்களுக்கு ஒருமுறை டா ஜியூ என்ற பெரிய விழா நடந்தது. உற்றார் இல்லாமல் இறந்த ஆவிகளுக்குப் படையல் போடும் விழா. ரயில் பாதையிலும் சுரங்கத்திலும் பெயர் தெரியாமல் மடிந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால், அந்தப் படையல் யாருக்கு என்பது புரியும். சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வந்து சேரும்.

ஹைன்லென்வில்லுக்குப் பக்கத்திலேயே ஜப்பானியக் குடியேறிகளின் தெருக்கள் வளர்ந்தன. பிறகு பிலிப்பைன்ஸ்காரர்கள் வந்தார்கள். மூன்று சமூகமும் ஒரே கடைத்தெருவில் புழங்கின. ஆனால் சீனர்களின் தொகை குறைந்துகொண்டே போனது. 1882 சட்டம் செய்த வேலை அது. புதிதாக ஆள் வர முடியாது. பெரும்பாலோர் மனைவியைக் கூட்டிவர முடியாமல் தனிக்கட்டைகளாகவே கிழவர்களானார்கள். இருந்த சில குடும்பங்களின் பிள்ளைகள் படித்து, வேலை தேடி, சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து என்று கிளம்பினார்கள். 1931இல், உலகப் பொருளாதார மந்தத்தில், ஹைன்லென் குடும்ப நிறுவனம் திவாலானது. நிலம் நகராட்சிக்குப் போயிற்று. செங்கல் கட்டடங்களை இடித்துவிட்டு அங்கே நகராட்சியின் பணிமனை வந்தது. கோயில் மட்டும் தனியே நின்றது, இன்னும் 18 வருடங்கள்.

மாடியில் மாடத்துக்கு முன்னால் நின்று இதைச் சொன்னபோது, என் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “கோயிலை இடிக்கும்போது யாருமே ஒண்ணும் சொல்லலியா டீச்சர்?” சொன்னார்கள். காப்பாற்ற வேண்டும் என்று குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தினமும் விளக்கேற்றவும் வாரம் ஒருமுறை கூடவும் அக்கம்பக்கத்தில் ஜனம் இல்லை. 1887இல் ஊர் எரிந்தது பகையால். 1949இல் கோயில் போனது ஆளில்லாமல். ஒரு சமூகத்தின் வரலாறு இந்த இரண்டு வழியில்தான் அழிகிறது. முதல் வகை அழிவு கண்ணுக்குத் தெரியும், கோபம் வரும், கதையாகும். இரண்டாவது ஓசையே இல்லாமல் நடக்கும். வெளியூர் போய் நல்ல நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது நடந்தது தெரியக்கூடத் தெரியாது.

அடுத்த அத்தியாயம் 1985இல் தொடங்குகிறது. சான் ஹோசே நகர மையத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தில், மார்க்கெட் தெருவில் பேர்மாண்ட் ஹோட்டல் கட்டப் பள்ளம் தோண்டினார்கள். 1887இல் எரிந்த சைனா டவுன் அப்படியே கீழே இருந்தது. கட்டுமானம் ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் தொல்லியலாளர்கள் அவசர அவசரமாகக் கிடைத்ததை அள்ளினார்கள். கிண்ணங்கள், மதுச்சாடிகள், பொத்தான்கள், பல்துலக்கும் பிரஷ்கள், விளையாட்டுக் காய்கள், எலும்புகள். நூற்றுக்கணக்கான பெட்டிகள் நிரம்பின. அவை ஒரு கிடங்குக்குப் போயின. மேற்கொண்டு ஆய்வு செய்ய ஏற்பாடு இல்லை.

அந்தப் பள்ளம் சிலருடைய தூக்கத்தைக் கெடுத்தது. ஊர் எரிந்த நூறாவது வருடமான 1987இல் சாண்டா கிளாரா மாவட்டத்துச் சீன அமெரிக்கர்கள் சிலர் சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். ஆசிரியர்கள், குடும்பத் தலைவிகள், பொறியாளர்கள், ஓய்வுபெற்றவர்கள். சம்பளம் யாருக்கும் இல்லை. முதல் வேலையாக அவர்கள் எடுத்துக்கொண்டது இடிந்த கோயிலைத் திரும்பக் கட்டுவது. கூட்டம் போட்டு, விருந்து நடத்தி, வீடு வீடாகக் கேட்டுப் பணம் திரட்டினார்கள். பழைய புகைப்படங்களையும் ஹைன்லென்வில்லில் வளர்ந்த முதியவர்களின் நினைவையும் வைத்துக் கட்டடத்தை வரைந்தார்கள். மைதானத்தின் படிகளுக்குக் கீழே தப்பிக் கிடந்த மாடத்தைச் செப்பனிட்டார்கள். 1991இல் கட்டி முடித்து, நகரத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள். கோயிலை இடித்த நகரத்துக்குக் கோயிலைக் கட்டிக் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய மனதை நான் கேள்விப்பட்டதில்லை.

அதே 1991இல் கோனி யங் யூ எழுதிய ‘சைனா டவுன், சான் ஹோசே, யு.எஸ்.ஏ.’ என்ற நூலும் வெளிவந்தது. சங்கத்தோடு நெருங்கி உழைத்தவர் அவர். அவருடைய தாத்தா சிறுவனாக இந்த ஊர் சைனா டவுனுக்கு வந்து, 1887 தீயைக் கண்ணால் பார்த்தவர். அப்பா ஜான் யங் ஹைன்லென்வில்லில் பிறந்தவர். வீட்டில் கேட்ட கதைகளைக் கோனி கதைகளாகவே விட்டுவிடவில்லை. பத்திரிகைக் கோப்பு, குத்தகைப் பத்திரம், நிலவரைபடம், புகைப்படம் என்று ஒவ்வொன்றோடும் ஒத்துப்பார்த்து எழுதினார். கண்டம் கடக்கும் ரயில் பாதையின் 150ஆம் ஆண்டு விழா 2019 மே 10 அன்று யூட்டாவில் நடந்தபோது, ரயில் தொழிலாளரின் வழித்தோன்றலாக மேடையேறிப் பேசியவரும் அவர்தான். அப்பா பேசும்போது மகள் காது கொடுத்துக் கேட்டதுதான் இத்தனைக்கும் மூலதனம்.

சங்கம் கட்டடத்தோடு நிற்கவில்லை. பள்ளி ஆசிரியர்களுக்காக ‘கோல்டன் லெகசி’ என்ற பாடத்திட்டம் தயாரித்தது. தன்னார்வலர்கள் அருங்காட்சியகத்தில் நின்று வருகிற பள்ளிக் கூட்டங்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள். அப்படி நிற்பவர்களில் ஓர் அம்மா, வயது எழுபதைத் தாண்டியிருக்கும், என் பிள்ளைகளிடம் தன் பாட்டியின் கதையைச் சொன்னார். எந்தப் பலகையிலும் எழுதாத கதை அது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பீங்கான் கிண்ணம் அந்தக் கதைக்குப் பிறகு எங்களுக்கு வேறாகத் தெரிந்தது.

கிடங்கிலிருந்த பெட்டிகளுக்கும் விடிவு வந்தது. 2002இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துத் தொல்லியல் பேராசிரியர் பார்பரா வாஸ், ஹிஸ்டரி சான் ஹோசே அமைப்போடும் இந்தச் சங்கத்தோடும் சேர்ந்து, மார்க்கெட் தெரு சைனா டவுன் தொல்லியல் திட்டத்தைத் தொடங்கினார். மாணவர்கள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, கழுவி, எண்ணி, பதிந்தார்கள். எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதில் சங்கத்தாரின் பேச்சும் எடுபட்டது. அதுவரை சைனா டவுன் என்றால் அபின், சூதாட்டம், அழுக்கு என்றே பழைய பத்திரிகைகள் எழுதிவைத்திருந்தன. பெட்டிகள் வேறு கதை சொன்னன. மூங்கில் கோலம் போட்ட சோற்றுக் கிண்ணங்கள், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள், இங்கிலாந்துப் பீங்கான் தட்டுகள், அமெரிக்க மருந்துப் புட்டிகள். மீன் எலும்புகளை ஆராய்ந்தவர்கள் தென்கிழக்கு ஆசியாவில் வாழும் ஒரு பெரிய விரால் இன மீனின் எலும்பை அடையாளம் கண்டார்கள். அங்கே பிடித்து, உப்பிட்டுக் காயவைத்த கருவாடு, ஹாங்காங் வழியாகக் கப்பலில் சான் ஹோசே வரை வந்திருக்கிறது. ஊர் ருசிக்காக ஏங்கிய மனிதர்களையும் அந்த ஏக்கத்தைத் தீர்த்துவைத்த வியாபாரிகளையும் ஓர் எலும்பு காட்டிக்கொடுத்துவிட்டது. சூட்கேஸில் பாட்டி கைப்பட்ட வற்றலும் பொடியும் கட்டிக்கொண்டு வந்து இறங்கிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் சேர்த்ததெல்லாம் ஒரு நாள் கூடி வந்தது. 2021 செப்டம்பர் 28 அன்று சான் ஹோசே நகர மன்றம், 1887 தீக்கும் அதற்கு முன்னும் பின்னும் நகரமே முன்னின்று செய்த கொடுமைகளுக்கும் முறைப்படி மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாள், தீப்பிடித்த இடத்துக்கு அருகே நடந்த நிகழ்ச்சியில் அப்போதைய மேயர் சாம் லிக்கார்டோ தீர்மானத்தைச் சீன அமெரிக்கச் சமூகத்திடம் கொடுத்தார். கொரோனா காலத்தில் ஆசிய முகங்களைப் பார்த்து ஆத்திரப்பட்டுத் தாக்கிய சம்பவங்கள் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த வருடம் அது. தீர்மானம் ஆண்டு, நாள், இடம் என்று வரிசையாக நடந்ததைச் சொல்கிறது. அந்த வரிசை நகராட்சி அலுவலகத்தில் யாரோ ஒரு மாதம் உட்கார்ந்து தேடி எழுதியதல்ல. 34 வருடங்களாகத் தன்னார்வலர்கள் தோண்டி எடுத்து, சரிபார்த்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி நிலைக்க வைத்த உண்மைகள் அவை. சான்று கையில் இருந்ததால்தான் மன்னிப்புக்கு வார்த்தை கிடைத்தது. மார்க்கெட் சதுக்கத்தில் அன்று எழுந்த பெருமைமிகு நகர்மன்றக் கட்டடம் 1958இலேயே இடிபட்டுவிட்டது. அதற்காக விரட்டப்பட்டவர்களின் கோயில் மாடம் இன்றும் இருக்கிறது.

பக்கத்துச் சமூகங்களும் சும்மா இருக்கவில்லை. ஹைன்லென்வில்லை ஒட்டி வளர்ந்த ஜப்பான் டவுன், அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் மூன்றில் ஒன்று. 1942இல் அங்கிருந்தவர்கள் அத்தனை பேரையும் அரசாங்கம் முகாமுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஐந்தாம் தெருவில் தங்கள் அருங்காட்சியகத்தை வைத்து நடத்துகிறார்கள். அதுவும் தன்னார்வலர் உழைப்புத்தான். ஹிஸ்டரி பார்க்கில் இங் ஷிங் கூங்கிலிருந்து கொஞ்சம் நடந்தால் போர்ச்சுகீசியர்களின் அருங்காட்சியகம் வரும். இன்னும் கொஞ்சம் நடந்தால் வியட்நாம் அகதிகளின் அருங்காட்சியகம், 2007இல் திறந்தது. படகில் உயிர் பிழைத்து வந்தவர்கள், வந்து முப்பது வருடம் சொச்சத்தில் தங்கள் கதைக்கு ஒரு வீடு அமைத்துவிட்டார்கள். அந்த வரிசையில் தமிழரின் வீடு எதுவும் இல்லை.

நாம் இங்கே இருப்பதே ஒரு வகையில் அவர்கள் பட்ட பாட்டின் பலன். சீனர்களைத் தடுத்த சட்டத்தின் வழியில்தான் 1917இல் இந்தியர் உட்பட ஆசியர்களை விலக்கும் சட்டம் வந்தது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாம் உலகப் போரில் சீனா நேச நாடானபின் 1943இல் சீனர் விலக்குச் சட்டம் நீங்கியது, அதுவும் வருடத்துக்கு 105 பேர் என்ற கணக்கில். அந்தக் கதவு திறந்தபின்தான் 1946இல் இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 இடம் கிடைத்தது. 1965 சட்டம் வந்து நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்த பிறகே நம்மவர்கள் பட்டப்படிப்பையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வர முடிந்தது. சாண்டா கிளாராவில் வீடு வாங்கும் தமிழர் எவரும், இந்த மண்ணில் நிலம் குத்தகைக்குக் கிடைக்கவே ஒரு ஜான் ஹைன்லென் தேவைப்பட்ட காலத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் வகை அழிவு நமக்கும் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட. அந்த வலியை அனுபவித்த சமூகத்திலிருந்துதான் 2005இல் நூலகம் என்ற எண்ணிமத் திட்டத்தை இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கினார்கள். ஈழத்துப் புத்தகம், இதழ், துண்டறிக்கை, கல்யாணமலர், நினைவுமலர் என்று கிடைத்ததையெல்லாம் படமெடுத்து உலகுக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள். நினைவுமலரை வரலாறாக மதித்த அந்தப் பார்வைதான் முக்கியம். ஒரு கிராமத்தின் குடும்பங்கள், பள்ளிக்கூடம், தொழில், புலம்பெயர்வு எல்லாம் அதில் இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களை மிரட்டுவது இரண்டாவது வகை. நம்மை யாரும் எரிக்கவில்லை. நல்ல வேலை, நல்ல வீடு, தமிழ் மன்றம், தமிழ்ப் பள்ளிகள், லிவர்மோரிலும் கான்கார்டிலும் கோயில்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் முதலில் வந்தவர்களுக்கு இப்போது வயது எண்பது. அவர்கள் வாடகைக் கூடத்தில் நடத்திய பொங்கல் விழாவின் கையெழுத்து அழைப்பிதழ், வி.எச்.எஸ். நாடாவில் பதிந்த நாடகம், உணவு மேசையைச் சுற்றி ஆறு பிள்ளைகளை வைத்து நடத்திய முதல் தமிழ் வகுப்பின் நோட்டு, கோயில் கட்ட வசூலித்த ரசீதுப் புத்தகம், ஊருக்கு எழுதிய நீலநிற ஏரோகிராம் இவையெல்லாம் கராஜில் இருக்கின்றன. பெரியவர் காலமாகி, வீட்டை விற்கும்போது, டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் பிள்ளை வந்து இரண்டு நாளில் கராஜைக் காலி செய்வார். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எது ரசீது, எது வரலாறு என்று எப்படித் தெரியும்? அவர்மேல் தப்பில்லை. சொல்லிவைக்க வேண்டியது நாம்.

சீனச் சங்கத்தாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் எளிமையானது. அவர்கள் பெரும் பணத்தோடு தொடங்கவில்லை. நினைவுள்ள முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே தொடங்கினார்கள். வீட்டுக் கதையைச் சான்றோடு ஒத்துப்பார்த்தார்கள். தங்கள் சமூகத்துக்குள் மட்டும் பேசிக்கொண்டிராமல், அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், பள்ளி, நகர மன்றம் என்று எல்லார் வாசலுக்கும் போனார்கள். பெருமைக்குரியதை மட்டும் பொறுக்காமல், அவமானத்தையும் ஏழ்மையையும் சேர்த்தே வைத்தார்கள்.

என் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, அமெரிக்காவில் இறங்கிய முதல் நாள் பற்றித் தமிழிலேயே பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும். “முதல் நாள் எங்க தூங்கினீங்க? என்ன சாப்பிட்டீங்க? யார் வந்து கூட்டிட்டுப் போனாங்க?” இந்த மூன்று கேள்வி போதும். பிறகு அவர்கள் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். ஒரு தாத்தா பேசி முடித்ததும் எழுந்து போய், 1971இல் தான் கொண்டுவந்த பெட்டியின் கப்பல் கம்பெனிச் சீட்டை எடுத்துவந்து பேரன் கையில் கொடுத்தாராம். அந்தச் சீட்டு இப்போது அமிலமில்லாத தாளுறையில், பெயர், ஊர், ஆண்டு எழுதிய குறிப்போடு இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் ஊரில் முதலில் வந்த தமிழ்க் குடும்பங்களின் பட்டியலை நாலு பேர் சேர்ந்து எழுதுங்கள். அவர்களில் மூத்தவரிடம் முதலில் போங்கள். பேச்சைப் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதுங்கள். கராஜைக் காலி செய்வதற்கு முன் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்குப் போய், எங்கள் கதையும் இந்த ஊர்க் கதைதான் என்று சொல்லுங்கள். கட்டடம் பிறகு வரும். ஆள் இருக்கும்போது தொடங்க வேண்டிய வேலை இது. இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள்.